காப்புறுதிக்காரர் வீட்டைத் திருத்தச் சொன்னால்: மலையகத்து வீட்டுக்காரரின் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்கும் நேரத்தில் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "இதையெல்லாம் திருத்தினால்தான் பொலிசி" என்று சொல்வது நம் பக்கம் கூடிக்கொண்டு வருகிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மலைச்சரிவில் வீடு கட்டும் வேலைகளை மேற்பார்வை பார்ப்பதுதான் என் தொழில்.

ஹட்டனிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, பின்பக்க மண்மேட்டுக்குத் தடுப்புச் சுவர், புதுப் பீலி, வயரிங் திருத்தம், எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். இப்போது ஜூன். மழை விட்டபாடில்லை.

முதலில் அவர்கள் கேட்பதை எழுத்தில் வாங்குங்கள் தங்கச்சி. அதில் எது நிபந்தனை, எது வெறும் சிபாரிசு என்று தனித்தனியாகக் கேளுங்கள். நிபந்தனையைச் செய்யாமல் விட்டால் நாளைக்கு நட்டஈடு கேட்கும்போது அதையே காட்டி மறுக்கலாம். சிபாரிசுக்கு அந்தப் பலம் இல்லை.

அடுத்தது, மழைக்குள் மண்மேட்டை வெட்டவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மண் ஊறிக் கிடக்கும். அந்த நேரம் அடியை வெட்டினால் மேலே உள்ளது இறங்கிவிடும். பீலியையும் வயரிங்கையும் இப்போதே செய்து, மின்சாரக்காரரிடம் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) வேலை செய்கிறதா என்று பார்த்து எழுதி வாங்குங்கள். அதில் உள்ள சின்னப் பொத்தானை அமுக்கினால் உடனே கரண்ட் நிற்க வேண்டும். சுவருக்கு மேசனின் கொட்டேஷனை இணைத்து, ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் முடித்துத் தருவதாகக் கடிதம் கொடுங்கள். மழையைக் காரணமாக எழுதுங்கள். அது நியாயமான காரணம். தொலைபேசியில் "சரி" என்று சொன்னால் போதாது, அந்தச் சரியும் எழுத்தில் வர வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி: எங்களுக்குத் தடுப்புச் சுவர் ஏற்கெனவே இருக்கிறது. நடுவில் வெடித்து, கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கிறது. காப்புறுதிக்காரர் இடித்துக் கட்டச் சொல்கிறார். மேசன் பூசிவிட்டால் போதும் என்கிறார்.

தம்பி, பூச வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பூச்சு வெடிப்பை மறைக்கும், பின்னால் தேங்கிய தண்ணீரை வெளியே விடாது. சுவரைத் தள்ளுவதே அந்தத் தண்ணீர்தான்.

நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் சுவருக்கு முன்னால் போய் நில்லுங்கள். தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளில் இருந்து சொட்ட வேண்டும். மேலே மண் சொதசொதவென்று இருக்க, ஓட்டை காய்ந்து கிடந்தால் அது அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள், சேறும் வேரும் வரும். சுவருக்குப் பின்னால் சல்லிக்கல் போடாமல் வெறும் மண்ணை நிரப்பியிருந்தால் எத்தனை தரம் குத்தினாலும் திரும்ப அடைக்கும். மேட்டுக்கு மேலே ஒரு கான் வெட்டி, மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். செலவு குறைந்த வேலை இதுதான், பலரும் செய்யாமல் விடுவதும் இதுதான்.

வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வெடிப்பு ஓடினால் சுவர் இன்னும் நகர்கிறது. அப்புறம் அது மேசன் தீர்மானிக்கும் விஷயம் இல்லை. மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பதுளை அலுவலகத்துக்கு எழுதுங்கள், பிரதிகளைக் கிராம உத்தியோகத்தருக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் கொடுங்கள். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, புது இடத்தில் ஊற்று கிளம்பினாலோ, மரமும் தூணும் சாய்ந்தாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டை விட்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது உங்கள் ஊருக்குத் தூரத்தில் இல்லை.

உங்கள் பக்கம் பெருமழை ஒக்டோபரில் தொடங்கும். ஜூன் முதல் செப்டெம்பர் வரைதான் சுவர் வேலைக்குத் தோதான காலம்.

நுவரெலியாவிலிருந்து ஓர் ஐயா: பழைய அஸ்பெஸ்டஸ் கூரையை மாற்றச் சொல்கிறார்கள். அந்தச் செலவை அவர்களிடமே கேட்கலாமா?

முடியாது ஐயா. பழசாகித் தேய்ந்ததற்குக் காப்புறுதி பணம் தராது. பொலிசியில் புயற்காற்று சேர்ந்திருந்து, காற்று தகட்டைத் தூக்கிப் போனால் அது வேறு. கழற்றும்போது தகட்டை உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்துக் கழற்றச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பிள்ளைகளை அன்று பக்கத்தில் விட வேண்டாம்.

தலவாக்கலையிலிருந்து ஓர் அக்கா: வீட்டுக்கு மேலே சாயும் யூக்கலிப்டஸ் மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். மரம் தோட்ட நிர்வாகத்தின் காணியில் நிற்கிறது.

அடுத்தவர் மரத்தில் நீங்கள் கைவைக்க முடியாது அக்கா. நிர்வாகத்துக்குக் கடிதம், பிரதேச செயலாளருக்குப் பிரதி, மரம் வீட்டுப் பக்கம் சாய்வது தெரியும்படி ஒரு படம். அந்தக் கடிதத்தின் பிரதியைக் காப்புறுதிக்காரரிடம் கொடுங்கள், உங்களால் செய்யக்கூடியது அவ்வளவுதான். வெட்ட வந்தால் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க விடாதீர்கள், அந்த வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பதுளையிலிருந்து: எல்லாம் திருத்திவிட்டேன். இப்போது காப்புறுதித் தொகையைக் கூட்டச் சொல்கிறார்கள். பணம் பறிக்கிறார்களா?

இல்லை, இதில் அவர்கள் சொல்வது சரி. வீட்டைத் திரும்பக் கட்ட 100 இலட்சம் தேவைப்படும்போது நீங்கள் 50 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்திருந்தால், 10 இலட்சம் சேதத்துக்கு 5 இலட்சம்தான் கிடைக்கும். பெரும்பாலான பொலிசிகளில் இந்த விதி இருக்கிறது. காணியின் விலையைச் சேர்க்காதீர்கள், கட்டும் செலவை மட்டும் கணக்கிடுங்கள். அதோடு மண்சரிவு உங்கள் பொலிசியில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பல பொலிசிகளில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மஸ்கெலியாவிலிருந்து: சொன்னதெல்லாம் செய்தும் புதுப்பிக்க மறுக்கிறார்கள். வங்கிக் கடன் வேறு இருக்கிறது.

இன்றைக்கே வங்கிக்குத் தெரிவியுங்கள், காப்புறுதி இல்லாமல் விடுவது கடன் ஒப்பந்தத்தை மீறியதாகலாம். மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பில்கள், மேசனின் ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குக் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். நட்டஈட்டுத் தகராறு என்றால், இப்படிப்பட்ட முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்கிடையில் அதே கோப்போடு வேறொரு நிறுவனத்திடமும் விலை கேளுங்கள். முந்தைய நிறுவனம் மறுத்ததா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் அந்தப் பொலிசியும் செல்லாமல் போகும்.