டிஸ்டோபியன் நாவல்களையும் (கொடுங்கோல் ஆட்சி நடக்கும் கற்பனை உலகக் கதைகள்) உளவியல் த்ரில்லர்களையும் ஒலிப்புத்தகமாகக் கேட்கலாமா, புத்தகமாகப் படிப்பதே நல்லதா?

தாராளமாகக் கேட்கலாம். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில், டைமர் வைக்காமல் மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் புரூஃப் பார்ப்பது. ஒற்று விடுபட்டிருக்கிறதா, இரண்டாம் அத்தியாயத்தில் இடது கையில் இருந்த தழும்பு எட்டாம் அத்தியாயத்தில் வலது கைக்குப் போய்விட்டதா என்று நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. இப்படிப் பழகிய கண்ணோடு த்ரில்லர் படிப்பது ஒரு சாபம். நாவலாசிரியர் ஏதோ ஒரு ஜன்னல் கொக்கியைத் தேவைக்கு மேல் ஒரு வரி கூடுதலாக விவரித்திருந்தால் போதும், கண் அங்கே நின்றுவிடும். மனம் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுவிடும். நூறாவது பக்கத்தில் கொலையாளி யாரென்று தெரிந்துவிடும். மீதி இருநூறு பக்கமும் நான் நினைத்தது சரியா என்று பார்க்கும் வேலைதான். அதற்குச் சம்பளமும் கிடையாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தது. வேலை நேரம் போக மற்ற நேரத்தில் எழுத்தையே பார்க்க வேண்டாம் என்றார் மருத்துவர். வேறு வழியில்லாமல்தான் ஒலிப்புத்தகங்களுக்கு வந்தேன். வந்த பிறகு தெரிந்தது, என் கண் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்ததோ என் காது அவ்வளவு ஏமாளி என்று. ஜன்னல் கொக்கி வந்தது, போனது. நான் கவனிக்கவே இல்லை. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு த்ரில்லரின் முடிவில் உண்மையாகவே வாயைப் பிளந்தேன். அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே போர்வையை மூன்றாவது முறையாகப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தது நாவல் முடிந்த பிறகுதான் உறைத்தது.

காது ஏன் ஏமாறுகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அச்சில் இருக்கும் வாக்கியம் அசையாமல் கிடக்கிறது. சந்தேகம் வந்தால் திரும்பிப் போகலாம், சலித்தால் தாண்டலாம், அடுத்த பத்தியை ஓரக்கண்ணால் எட்டிப் பார்க்கலாம். குரல் அப்படியில்லை. நாம் எடை போட்டு முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது. மேலும் ஒரு மனிதக் குரல், பத்து மணி நேரம் நம் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தால், அதை நம்பாமல் இருப்பது கடினம். தெரிந்தவர் ஒருவர் மனம்விட்டுப் பேசுவது போலத்தான் இருக்கிறது. 'நான்' என்று தன்மையில் கதை சொல்லும் பொய்யர்களை வைத்து எழுதப்படும் உளவியல் த்ரில்லர்களுக்கு இதைவிட நல்ல வாகனம் இல்லை.

இதில் ஒரு வரலாற்றுப் பொருத்தமும் இருக்கிறது. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களை மனத்தில் வைத்து பிரிட்டனில் 1935-இல் 'பேசும் புத்தக'ச் சேவை தொடங்கியது. நாவல்களை கிராமபோன் இசைத்தட்டுகளில் பதிந்து அனுப்பினார்கள். முதலில் போன நூல்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்'. 1926-இல் வெளிவந்த அந்த நாவல் எதற்காகப் புகழ் பெற்றது என்பதைச் சொன்னால் படிக்காதவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். கதைக்குள்ளேயே ஒரு குரல்பதிவுக் கருவி வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். காதால் ஏமாறுவதற்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் அமைந்திருக்க முடியாது.

டிஸ்டோபியன் நாவல்கள் வேறு விதம். அவற்றில் யார் செய்தது என்ற கேள்வி கிடையாது, அரசு செய்தது என்று முதல் பக்கத்திலேயே தெரியும். அங்கே வேண்டியது மூச்சு முட்டுவது. புத்தகமாகப் படிக்கும்போது தாங்க முடியாத பகுதிகளை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். விசாரணை அறை வந்தால் கண் தானாகவே பத்தி பத்தியாகத் தாவும். ஒலியில் அது நடக்காது. அணைக்கலாம், அணைக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லையும் கேட்டாக வேண்டும். பாத்திரங்களுக்கு இல்லாத விடுதலை நமக்கும் இல்லாமல் போகிறது.

பேர்பெற்ற டிஸ்டோபியன் நாவல்களே காதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கின்றன என்பது கேட்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' 1953-இல் வந்தது. அதில் நாயகனின் மனைவி, காதுக்குள் பொருந்தும் சிப்பி போன்ற குட்டி வானொலிகளை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் படுத்திருப்பாள். நான் அந்த இடத்தைக் கேட்டது இருட்டில், இரண்டு காதிலும் இயர்போனோடு, மல்லாந்து படுத்தபடி. உடனே கழற்றி வைத்துவிட்டேன். (ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் மாட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அதே நாவலின் முடிவில், ஆளுக்கொரு நூலை மனப்பாடமாகச் சுமந்து திரியும் மனிதர்கள் வருகிறார்கள். நூல்கள் அங்கே வாயிலும் காதிலும்தான் பிழைத்திருக்கின்றன. காதைத் திட்டுவதும் அதே புத்தகம், காதை நம்புவதும் அதே புத்தகம்.

மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) இன்னும் ஒரு படி மேலே போகிறது. படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நாவலின் இறுதியில் வரும் வரலாற்றுக் குறிப்புகளில், நாம் இதுவரை படித்தது எழுதப்பட்ட நூலே அல்ல என்று தெரிகிறது. ஏறத்தாழ முப்பது ஒலிநாடாக்கள். ஒவ்வொன்றிலும் முதலில் சில பாடல்கள், பிறகு பாட்டு நின்று, கதை சொல்லும் பெண்ணின் குரல். பிற்காலத்து ஆய்வாளர்கள் அதைக் கேட்டு எழுதி, இந்த வரிசையாகத்தான் இருக்கும் என்று ஊகித்து அடுக்கியிருக்கிறார்கள். பெண்கள் எழுதப் படிக்கத் தடை செய்யப்பட்ட நாட்டில் அவள் வேறு எப்படிச் சொல்லியிருப்பாள்? ஆக, அந்தக் கதையைக் காதால் கேட்பவர், அது கதைக்குள் இருந்த வடிவத்திலேயே கேட்கிறார். நான் அதை முதலில் படித்து, பத்து ஆண்டுகள் கழித்துக் கேட்டேன். படித்தபோது அந்த முடிவு ஒரு சாமர்த்தியமாகத் தெரிந்தது. கேட்டபோது, இவ்வளவு நேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தவளை ஒரு பேராசிரியர் வந்து ஆய்வுப் பொருளாக்கிவிட்டார் என்ற கோபம்தான் வந்தது.

இனி கெட்ட செய்திகள்.

முதலாவது, வாசிப்பவர். த்ரில்லர்களில் கொலையாளியின் மனத்துக்குள்ளிருந்து சில அத்தியாயங்கள் வரும், ஆள் யார் என்று சொல்லாமல். அச்சில் அதைச் சாய்வெழுத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஒலியில் யாராவது ஒருவர் அதைப் பேசியாக வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் கொடுக்கும் கலைஞர், பெயர் தெரியாத அந்த ஆளுக்கு எந்தக் குரலைக் கொடுப்பார்? நான் கேட்ட ஒரு நாவலில், அந்த மர்ம அத்தியாயங்களில் சொற்களின் கடைசியை விழுங்கும் ஒரு பழக்கம் இருந்தது. நான்காம் அத்தியாயத்தில் அறிமுகமான பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பழக்கம். முடிந்தது கதை. ஏமாளிக் காதுக்கே பிடிபட்டுவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண், பெண் சிக்கலும் உண்டு. தமிழில் 'நான் வந்தேன்' என்று எழுதினால் சொல்வது யார் என்று தெரியாது. 'வந்தான்', 'வந்தாள்' என்று படர்க்கைக்குப் போனால்தான் குட்டு உடைகிறது. தன்மையில் எழுதும் ஒரு தமிழ் த்ரில்லர் இதை வைத்தே முந்நூறு பக்கம் வாசகரைச் சுற்றிவிடலாம். இந்தப் பதிலை இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், நான் ஆணா பெண்ணா என்று உங்களுக்குத் தெரியாது. குரலாகக் கேட்டிருந்தால் முதல் சொல்லிலேயே தெரிந்திருக்கும்.

அடுத்தது காலத் தாவல். 'பதினொரு வாரங்களுக்கு முன்' என்று அத்தியாயத் தலைப்பில் ஒரு வரி வரும். அந்த இரண்டு நொடியில் பாத்திரம் தேய்க்கும் சத்தமோ குழாய்ச் சத்தமோ குறுக்கிட்டால், இறந்துபோனவர் எப்படித் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று அரை மணி நேரம் குழம்ப வேண்டியதுதான். நான் ஒருமுறை அதைப் பேய்க்கதை என்றே நினைத்துவிட்டேன். முன்னும் பின்னுமாகத் தாவும் நாவல் என்று தெரிந்தால் அத்தியாயம் தொடங்கும்போது மட்டுமாவது கையில் இருக்கும் வேலையை நிறுத்துங்கள்.

வேகம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆங்கில ஒலிப்புத்தகங்களில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் வாசிக்கப்படுகின்றன. 90,000 சொல் கொண்ட நாவல் பத்து மணி நேரம் பிடிக்கும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஆறு மணி நாற்பது நிமிடம். கட்டுரை நூல்களை நானும் அப்படித்தான் கேட்கிறேன். த்ரில்லரில் அதைச் செய்யாதீர்கள். "நேற்று இரவு எங்கே இருந்தாய்?" என்று கேட்டதற்கும் "வீட்டில்தான்" என்ற பதிலுக்கும் நடுவில் இருக்கும் மௌனம்தான் கதை. சில செயலிகளில் இடைவெளிகளைத் தானாகவே வெட்டும் வசதி வேறு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு நல்ல த்ரில்லரைக் கூடக் கேட்டிருக்க மாட்டார்.

திரையையும் பார்க்காதீர்கள். அச்சுப் புத்தகத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை வலது கை சொல்லிக்கொண்டே இருக்கும். ஒலியில் அந்தத் தடிமன் கைக்குத் தெரிவதில்லை. அதைக் கெடுப்பது திரை. குற்றவாளியைப் பிடித்து விலங்கு போட்டுவிட்டார்கள், ஆனால் இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்று காட்டினால், பிடிபட்டவர் அப்பாவி என்று குழந்தைக்கும் தெரியும். கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள்.

இப்போது அந்தப் படுக்கைக் கதை. ஒன்பதாம் அத்தியாயத்தில் தூங்கிவிட்டேன். குரல் தூங்கவில்லை. விடியற்காலை விழித்தபோது யாரோ காதுக்குள் அழுதபடி, தான் ஏன் கொன்றேன் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அரைத் தூக்கத்தில் அது கனவா, நானே செய்ததா என்று ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது கொலையாளியின் பெயரும் புரிந்துவிட்டது. பதினான்கு மணி நேர நாவல், ஐந்து மணி நேரம்கூடக் கேட்கவில்லை. மறுநாள் வீம்புக்காக விட்ட இடத்துக்கே திரும்பிப் போய்க் கேட்டேன். அது வீண் போகவில்லை. பொய் என்று தெரிந்த பிறகு அந்தப் பொய் எப்படிச் சொல்லப்படுகிறது என்று கேட்க முடிந்தது. குரல் கலைஞருக்கு முடிவு தெரியும், கதைசொல்லிக்கும் தெரியும். இருவரும் சேர்ந்து என்னை ஏமாற்றப் பார்த்த இடங்களில் வாசிப்பு சற்றே மென்மையாகிறது. பென்சில் ஓரக்கோடு மீண்டும் வந்துவிட்டது, இந்த முறை காதில்.

என் அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது. எந்த நாவலானாலும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவார். "காசு கொடுத்துப் பயப்படுவதற்கு எனக்கென்ன பைத்தியமா?" என்பார். அவரைப் போன்றவர்களுக்குப் புத்தகமே நல்லது.

தொடங்குவது என்றால், ஒரே கதைசொல்லி தன்மையில் பேசும் நாவலாக எடுங்கள். மாதிரி ஒலியில் வாசிப்பவரின் குரலை ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். அதற்குள் எரிச்சல் வந்தால் பத்து மணி நேரம் தாங்காது. பாத்திரங்கள் ஆறு பேருக்கு மேல் போனால் பெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைக்கு வேலையும் மூளைக்கு ஓய்வும் தரும் நேரம்தான் சரியான நேரம்: துணி மடிப்பது, நடப்பது. கணக்குப் பார்ப்பது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது கூடாது. படுக்கையில்தான் கேட்பேன் என்றால் இருபது நிமிட டைமர்.

தூங்கிவிட்டதற்காக வெட்கப்பட வேண்டாம். 1949-இல் வெளிவந்த ஆர்வெல்லின் '1984'-இல், தடைசெய்யப்பட்ட ஒரு பெரிய நூலை நாயகன் வின்ஸ்டன் தன் காதலி ஜூலியாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறான். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் தூங்கிப்போகிறாள். நானும் மிகச் சரியாக அதே இடத்தில்தான் தூங்கினேன்.

அந்த நாவலைக் கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும். கடைசி வரி முடிந்ததும் மனம் கனத்து அணைத்துவிடத் தோன்றும், நானும் அணைக்கப் போனேன். பொறுங்கள், நியூஸ்பீக் மொழி பற்றிய பின்னிணைப்பு ஏறத்தாழ அரை மணி நேரம் பாக்கி இருக்கிறது. அது அந்த ஆட்சியின் மொழியை இறந்தகாலத்தில் பேசுகிறது. 'இருந்தது', 'இருந்தன' என்று. அப்படியானால் அந்த ஆட்சி பிறகு வீழ்ந்துவிட்டதா என்று வாசகர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அச்சில் படித்தபோது இலக்கணக் குறிப்பு என்று நான் தாண்டிவிட்ட பகுதி அது.