தனியாக நிறுவிய ஓப்பன்எஸ்எஸ்எல்லுடன் போஸ்ட்ஃபிக்ஸை கம்பைல் செய்வது எப்படி?

குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 3 தனி அடைவில் இருக்கிறது, மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸும் பிழையின்றி கம்பைல் ஆகிறது, ஆனால் ஓடும்போது சிஸ்டத்தின் பழைய லைப்ரரியையே பிடித்துக்கொள்கிறது. இதுதானே கேள்வி? கம்பைலர் ஹெட்டரைத் தேடும் இடம் வேறு, லிங்க்கர் லைப்ரரியைத் தேடும் இடம் வேறு, நிரல் கிளம்பும்போது லோடர் தேடும் இடம் வேறு. மூன்றுக்கும் தனித்தனியாகப் பாதை சொல்ல வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது மூன்றாவது.

முதலில் 'மேக் டைடி'. இல்லாவிட்டால் பழைய ஹெட்டரில் உருவான ஆப்ஜெக்ட் கோப்புகள் அப்படியே தங்கிவிடும். அடுத்து 'மேக் மேக்ஃபைல்ஸ்'. அதில் கம்பைலருக்கான சிசிஆர்க்ஸ் மாறிக்கு, டிஎல்எஸ் குறியாக்கத்தைச் சேர்க்கும் யூஸ்_டிஎல்எஸ் வரையறையும் இன்க்ளூட் அடைவும். லிங்க்கருக்கான ஆக்ஸ்லிப்ஸ் மாறிக்கு லைப்ரரி அடைவு, அதே அடைவு ஆர்பாத்தாக (லோடர் தேட வேண்டிய இடமாக நிரலுக்குள்ளேயே பதியும் பாதை) இன்னொரு முறை, பிறகு ஓப்பன்எஸ்எஸ்எல்லின் இரு லைப்ரரிகளான எஸ்எஸ்எல், கிரிப்டோ. ஸ்டாட்டிக் லைப்ரரி என்றால் இந்தக் கடைசி இரண்டின் வரிசை மாறக்கூடாது.

அடைவின் பெயரில் கவனம். 64 பிட் இன்டெல் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 இயல்பாக 'லிப்64'-இல் போய் உட்காரும். நீங்கள் 'லிப்' என்று எழுதினால், சிஸ்டத்தில் டெவலப்மென்ட் பேக்கேஜ் இருக்கும் பட்சத்தில் லிங்க்கர் சத்தமே போடாமல் அதிலுள்ள பழைய லைப்ரரியை எடுத்துக்கொள்ளும். பிறகு மெயில் லாகில் ஹெட்டர் பதிப்பும் ஓடும் பதிப்பும் பொருந்தவில்லை என்று போஸ்ட்ஃபிக்ஸ் எச்சரித்தால்தான் தெரியவரும்.

லோடர் தேடும் பாதையைச் சொல்லும் சூழல் மாறியான எல்டி_லைப்ரரி_பாத் வைத்துச் சமாளிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். இங்கே பலிக்காது. போஸ்ட்ஃபிக்ஸ் கிளம்பும்போதே சூழல் மாறிகளைத் துடைத்துவிடும். போஸ்ட்டிராப், போஸ்ட்கியூ இரண்டும் செட்ஜிஐடி நிரல்கள் (வேறொரு குழுவின் உரிமையோடு ஓடுபவை) என்பதால் லோடரே அந்த மாறியைக் கண்டுகொள்ளாது. சிஸ்டம் முழுவதற்குமான லோடர் பாதைகளை அமைக்கும் எல்டிகான்ஃபிக்கில் புதுப் பாதையைச் சேர்ப்பது அதைவிட மோசம்: மெயில் சர்வருக்காகச் செய்த மாற்றம் எஸ்எஸ்எச் போல அதே லைப்ரரியைப் பயன்படுத்தும் மற்ற நிரல்களையும் தொடக்கூடும். ஆர்பாத்தே போதும்.

நிறுவிய பின், மெயிலை வாங்கும் எஸ்எம்டிபிடி நிரலின் கோப்பின்மேல் 'எல்டிடி' (நிரல் எந்த லைப்ரரிகளைப் பிடிக்கிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டிப் பாருங்கள். எஸ்எஸ்எல், கிரிப்டோ இரண்டுமே உங்கள் அடைவைக் காட்ட வேண்டும். பழைய பதிப்பும் கூடவே தெரிந்தால், பயனர் சரிபார்ப்புக்கான சைரஸ் சாஸ்லோ பயனர் விவரங்களைத் தேடும் எல்டாப்போ அதை இழுத்து வந்திருக்கும். ஒரே ப்ராசஸில் இரண்டு ஓப்பன்எஸ்எஸ்எல் இருப்பது ஆபத்து. அந்த லைப்ரரிகளையும் புதியதோடு கம்பைல் செய்யுங்கள், தேவையில்லையென்றால் கழற்றிவிடுங்கள்.