நான்கு வயதுக் குழந்தை நாள் முழுவதும் கடை வைத்து விளையாடினால் எதையாவது கற்றுக்கொள்ளுமா?

கேள்வி கேட்டவரின் வீட்டில் யாரோ ஒருவர், "விளையாண்டது போதும், நோட்டை எடு" என்று குழந்தையை அதட்டியிருப்பார் என்று ஊகிக்கிறேன். எங்கள் வீட்டில் அதட்டியவன் என் மகன். அதட்டு வாங்கியவள் ஐந்து வயதுப் பேத்தி. நான் ஆசிரியரும் அல்லன், உளவியல் படித்தவனும் அல்லன். திருமங்கலத்தில் 31 ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவன். கடைக்காரர் கடையைப் புகழாமல் வேறு எதைப் புகழ்வார் என்று யாரேனும் எழுதுவதற்கு முன்பே அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் மதுரையில் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். வாசலில் வரும் பூக்காரம்மாவிடம் என் மனைவி நாள்தோறும் இரண்டு முழம் மல்லிகை வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, வாடிய சரத்தை எடுத்துப் படிக்கட்டில் பூக்கடை வைத்தாள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, பூக்காரம்மாவைப் போலவே இழுத்து அளந்தாள். இரண்டு முழச் சரம் அவளுடைய கையில் மூன்று முழத்துக்கும் கூடுதலாக வந்தது. பாட்டி வாங்கியதைவிடத் தன்னிடம் அதிகம் இருக்கிறது என்று லாபம் பார்த்த வியாபாரியைப் போலப் பூரித்துப்போனாள். பிறகு என் மனைவி அவளிடமே இரண்டு முழம் வாங்கித் தன் கையில் அளந்து பார்த்தபோது அது ஒன்றேகால் முழமாகச் சுருங்கிவிட்டது. "அளவு குறையுதே, ஆத்தா" என்றாள் மனைவி. குழந்தைக்கு அழுகையே வந்துவிட்டது, அவள் ஏமாற்றவில்லையே!

அந்த நேரத்தில்தான் என் மகன் அளவு நாடாவுடன் வந்து, முழம் என்றால் 18 அங்குலம் என்று விளக்கினான். அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் கடை மூடப்பட்டு இரண்டு நாள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளாகவே பூக்காரம்மாவின் கையருகே தன் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஓடிச் சணல் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, அந்த அம்மாவின் கையளவுக்கு என்னை வெட்டித் தரச் சொல்லி, "இனிமே இதுதான் முழம்" என்று அறிவித்தாள். எடைக்கற்களுக்கு அரசு முத்திரை வாங்கியே காலம் கழித்த எனக்கு, அந்த முத்திரை எதற்காக என்பது அன்றுதான் இவ்வளவு தெளிவாக விளங்கியது.

காசு விஷயம் இன்னும் மெதுவாகத்தான் பிடிபடும். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, ஒரே எண்ணிக்கையில் பொருள்களை அடுக்கிய இரண்டு வரிசைகளில் ஒன்றை இடைவெளி விட்டுப் பரப்பினால், நான்கைந்து வயதுப் பிள்ளைகள் நீளமான வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்று சொல்வதைக் கண்டார். அவருடைய பெயரை அறியாமலே நான் இதைக் கல்லாவில் பார்த்திருக்கிறேன்: பத்து ரூபாய்த் தாளைவிட ஐந்து ஒற்றை ரூபாய் நாணயங்களை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகப் போகும் பிள்ளைகள் உண்டு. இப்போது பெரியவர்கள் கைப்பேசியைக் காட்டிவிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதால், பிள்ளைகள் சில்லறையைக் கண்ணால் காண்பதே அரிதாகிவிட்டது. ஆகவே, 1999-இல் தொடங்கிய அண்ணா நகர் உழவர் சந்தைக்கு அவளைச் சில்லறையோடு அழைத்துச் சென்றேன். விலைப் பலகையில் தெரிந்த எண்களைப் படித்தாள், தக்காளிக்குக் காசை எண்ணிக் கொடுத்தாள், கொசுறாகக் கறிவேப்பிலையும் கேட்டு வாங்கினாள். இதற்கிடையில் அவளுடைய பள்ளி, விடுமுறையிலும் ஒன்று முதல் நூறு வரை பத்து முறை எழுதிவரச் சொல்லியிருந்தது என்பதை வயிற்றெரிச்சலோடு குறிப்பிடுகிறேன். எழுத்துப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடையை மூடிவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டுமா என்றே கேட்கிறேன்.

உங்கள் பிள்ளையின் கடைக்குப் போனால் வாடிக்கையாளராகப் போங்கள். ஒலியெழுப்பும் பிளாஸ்டிக் கல்லாப்பெட்டி தேவையில்லை. புளியங்கொட்டை காசாகும், இரண்டு கொட்டாங்குச்சி தராசாகும். கணக்குத் தவறினால் சில்லறை குறைகிறது என்று மட்டும் முறையிடுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

அந்தச் சணல் கயிறு இப்போதும் மகன் வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது. பூக்காரம்மா அளந்து கொடுத்த சரத்தைப் பேத்தி அதில் வைத்துப் பார்த்த பிறகே வாங்க விடுகிறாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார். சங்கடப்படுவது என் மனைவிதான்.