மகன் வீட்டுக்குப் போவதா, தோழியோடு இருப்பதா?

வணக்கம். பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். 1974-ல், ஏழு வயதில், இலங்கைத் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினோம். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் இந்த மலை. அதே கப்பலில் வந்த ஒருத்திதான் இன்றைக்கும் என் அடுத்த வீட்டுக்காரி. என் வீட்டுக்காரர் இறந்த அன்று என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோறு ஊட்டியவள் அவள். இப்பவும் ரொட்டி யார் வீட்டில் சுட்டாலும் சம்பல் அரைப்பது அவள் வீட்டு அம்மியில்தான்.

அடுத்த மாதம் எனக்கு ஓய்வு. தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனும் மருமகளும் ஆசையாகத்தான் கூப்பிடுகிறார்கள். தோழி கொளப்பள்ளியில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறாள். "ஒரு ரூம் உனக்குத்தான்" என்கிறாள். என் மனசு அங்கேதான் போகிறது. பெற்ற பிள்ளை இருக்க, இன்னொருத்தி வீட்டில் போய் இருந்தால் ஊர் அவனைத்தானே ஏசும்? ராத்திரியில் தூக்கமே வருவதில்லை. நான் நினைப்பது தப்பா?

– ஒரு வாசகி, நீலகிரி

ஆலோசகர் பதில்:

தப்பே இல்லை அம்மா.

1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டபோது, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. அதில் யாரையும் உட்காரவைத்து விருப்பம் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையை யார் கேட்பார்கள்? அங்கே எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. சின்ன வயதில் ஒரு முறை வேரோடு பெயர்ந்தவர்களுக்கு, பிற்பாடு வீட்டைக் காலி செய் என்று கேட்டதும் பழைய கலக்கமும் சேர்ந்து கிளம்புவது உண்டு. உங்கள் தூக்கம் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மகன் மேல் பாசம் குறைந்துவிட்டதோ என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அம்மா அப்பாவைத் தெரிந்த, உங்களைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்த ஆள் இன்று உங்கள் தோழி ஒருவராகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் பக்கத்தில் முதுமையைக் கழிக்க நினைப்பது சுயநலம் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-ல் தொடங்கி இன்றும் நடத்தும் ஓர் ஆய்வில், வயதான காலத்தில் உடம்பும் மனசும் நன்றாக இருக்க நெருக்கமான உறவுகள் பெரிய காரணம் என்று தெரிந்தது. அந்த நெருக்கம் ரத்த உறவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

மகனிடம் நேரில் பேசுங்கள், போனில் வேண்டாம். "உன் வீடு பிடிக்கவில்லை" என்பதாக அவன் எடுத்துக்கொண்டால் நொந்துபோவான். "எனக்கு இந்த மலையும் இவளும் வேண்டும், நீயும் வேண்டும்" என்றே சொல்லுங்கள். ஜூன், ஜூலையில் பந்தலூர் மழை உங்களுக்குத் தெரியாததா? அந்த மாதங்களில் திருப்பூரில் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு வரலாம். ஊர் கேட்டால், "அம்மா இஷ்டம், நான்தான் அனுப்பினேன்" என்று மகனையே சொல்லச் சொல்லுங்கள். அவன் வாயால் வந்தால் அப்புறம் பேச்சு அடங்கிவிடும்.

இதில் எனக்குக் கவலையாக இருப்பது வேறொன்று. தோழிக்குப் பிள்ளைகள் உண்டா, அவர்களுக்கு இதில் சம்மதமா? வீட்டுச் செலவு எப்படி, ஒருவர் படுத்துவிட்டால் யார் பார்ப்பது? எத்தனை வருஷ நட்பானாலும் இதையெல்லாம் குடி போவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். பேசாமல் விட்டதாலேயே முறிந்துபோன நட்புகளைப் பார்த்திருக்கிறேன். பணிக்கொடை, பி.எஃப். பணம் வந்தால் முழுவதையும் மகனிடமோ தோழியிடமோ கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பெயரிலேயே வங்கியிலோ தபால் நிலையத்திலோ இருக்கட்டும்.

தூக்கமின்மை தொடர்ந்தால் பக்கத்து அரசு மருத்துவமனையில் ஒரு முறை காட்டிவிடுங்கள். தோழி வீட்டாரிடம் பேசிய பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.