ஃபிக்மா லைப்ரரியில மாத்தின கலர் போஸ்டருக்கு வரலைன்னா

ஃபிக்மாங்கிற டிசைன் ஆப்ல, எல்லா ஃபைலும் எடுத்துக்கிற பொதுக் கலர்கள் இருக்கிற பிராண்ட் ஃபைல்தான் லைப்ரரி. அதுல மெரூன் ஸ்டைலை, அதாவது பேர் வச்சு சேமிச்ச கலரை, மாத்தினா மட்டும் போதாது, மத்த ஃபைல்களுக்குப் போக பப்ளிஷ் பண்ணணும். அப்புறம் மெனு கார்டு, போஸ்டர் ஃபைல்களைத் திறந்து அங்கேயும் லைப்ரரி அப்டேட்டை ஏத்துக்கணும்.

ஆனா தி.நகர் கிளை மெனு மாறிடுச்சு, வேளச்சேரி போஸ்டர் மட்டும் பழைய மெரூன்லயே நிக்குதுன்னு சொல்றீங்க. அப்போ அந்த போஸ்டர்ல ஸ்டைல் போடாம ஹெக்ஸ் எண்ணை (# போட்டு எழுதற கலர் குறியீடு) நேரா ஒட்டியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

போஸ்டரைத் திறந்து கன்ட்ரோல் + ஏ அழுத்துங்க. வலப்பக்கம் செலக்‌ஷன் கலர்ஸ்ல ஸ்டைல் பேர் தெரிஞ்சா ஸ்டைலோட இணைப்பு இருக்கு. வெறும் ஹெக்ஸ் எண் தெரிஞ்சா இல்லை. அந்த எண் பக்கத்துல வர்ற நாலு புள்ளி ஐகானை அழுத்தி மெரூன் ஸ்டைலைக் கொடுங்க. அந்த எண் இருக்கிற எல்லா லேயரும் ஒரே தடவையில மாறிடும்.

தயவுசெஞ்சு பழைய ஸ்டைலை அழிச்சுட்டு அதே பேர்ல புதுசு போடாதீங்க. பேர் ஒண்ணா இருந்தாலும் ஃபிக்மாவுக்கு அது வேற ஸ்டைல், இருந்த இணைப்பும் போயிடும்.

திருவல்லிக்கேணி பிரஸ்ஸுக்குப் போற ஃபைலுக்கு இது போதாது. ஃபிக்மா ஆர்ஜிபி கலர்ல, அதாவது திரைக்கான கலர் முறையில வேலை செய்யுது, பேப்பர்ல மெரூன் மாறி வரலாம். சிஎம்ஒய்கே அளவை (அச்சு மைகளோட கலவை அளவு) தனியா எழுதிக் கொடுத்து, புரூஃப் (மாதிரிப் பிரதி) பார்த்த பிறகு அடிக்கச் சொல்லுங்க.