லமினேட் போட முதல் தரையைப் பாருங்கள்: கேள்வி பதில்

கொழும்பில் மரத்தரையும் லமினேட்டும் போடுவது என் தொழில். வந்த கேள்விகள் எல்லாமே ஏதோ ஒரு வழியில் ஈரத்தில் போய் நிற்கின்றன. ஈரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் யாரும் ஒரு பலகைகூட வாங்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

தெஹிவளையிலிருந்து: அண்ணா, எங்களுடையது நிலமட்டத்தில் இருக்கிற பழைய வீடு. மழைக்காலத்தில் ஹோலின் சீமெந்துத் தரை சில்லென்று இருக்கிறது, வெறுங்காலுக்கு ஈரமும் தெரிகிறது. தடிப்பான அண்டர்லே (பலகைக்கு அடியில் விரிக்கிற மெத்தை விரிப்பு) விரித்து லமினேட் போட்டால் சரிவருமா?

சரிவராது தங்கச்சி. லமினேட்டின் நடுப்பகுதி அழுத்திய மரத்தூள் நார். ஈரம் ஏறினால் ஓரங்கள் உப்பும், பிறகு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. அண்டர்லே ஈரத்தைக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். தடிப்பு கூடினால் இன்னொரு கெடுதியும் இருக்கிறது: கால் வைக்கும் இடத்தில் பலகை அமுங்கி அமுங்கி, கொழுவிப் பூட்டுகிற விளிம்பு உடைந்துபோகும். 2 அல்லது 3 மில்லிமீற்றர் போதும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டடிக்கு இரண்டடி பொலித்தீன் துண்டைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். மேற்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம், குளிர்ந்த தரையில் பட்டுப் பனிக்கிறது. கீழ்ப்பக்கம் நீர் பூத்திருந்தால், அல்லது அந்த இடத்துச் சீமெந்து கறுத்திருந்தால், நிலத்திலிருந்து ஏறுகிறது. ஹோலில் ஒரே இடத்தில் பார்க்காமல் வெளிச்சுவர் ஓரம், நடு, குளியலறைச் சுவர்ப் பக்கம் என்று மூன்று இடத்தில் பாருங்கள்.

நிலத்து ஈரம் என்றால் வெளியே போய்த் தேட வேண்டும். பீலித் தண்ணீர் சுவரின் அடியிலேயே கொட்டுகிறதா? முற்றத்து மண் உள்தரையை விட உயர்ந்துவிட்டதா? தண்ணீர்க் குழாய் எங்காவது கசிகிறதா? முற்றத்தைத் திரும்பத் திரும்ப மண் போட்டு உயர்த்திய பழைய வீடுகளில் இதை நிறையப் பார்க்கிறேன். இவற்றைத் திருத்தித் தரை காய்ந்த பிறகு 200 மைக்ரோன் பொலித்தீன் விரிக்கலாம். ஒன்றின் மேல் ஒன்று 20 சென்ரிமீற்றர் ஏறும்படி வைத்து ரேப் ஒட்டுங்கள், சுவரோரம் கொஞ்சம் மேலே மடித்துவிடுங்கள். பொலித்தீன் ஈரத்தைக் காயவைக்காது. ஊறுகிற தரையை அதால் மூடினால் ஈரம் சுவரில் ஏறிப் பெயின்ற் உரியும். எல்லாம் செய்தும் ஈரம் நிற்கவில்லை என்றால் ரைல்ஸ் போடுங்கள், மனதாரச் சொல்கிறேன்.

வத்தளையிலிருந்து: ஐயா, கொங்கிறீட் போட்டு 28 நாள் ஆகிவிட்டது, இனி லமினேட் போடலாம் என்கிறார் மேசன்.

தம்பி, 28 நாள் என்பது கொங்கிறீட் பலம் பிடிக்கிற கணக்கு. காய்கிற கணக்கு வேறு. முதல் 50 மில்லிமீற்றருக்கு நாளுக்கு ஒரு மில்லிமீற்றர், அதற்கு மேல் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் இரண்டு நாள் என்று வைப்பார்கள். 75 மில்லிமீற்றர் தடிப்புக்கு 100 நாள் ஆகிறது. அதுவும் நன்றாகக் காயக்கூடிய காலநிலையில்தான். கொழும்புக் காற்றில் இன்னும் இழுபடும். நாட்கணக்கை மட்டும் நம்பாமல் மேலே சொன்ன சோதனையையும் செய்து பாருங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: கடற்கரைப் பக்கம், நாலாம் மாடி. பல்கனிக் கதவுக்குக் கீழால் காற்று வருகிறது, ஏசிக் குளிர் நிற்பதில்லை. பழைய ரைல்ஸ் மேலேயே லமினேட் போடலாமா?

போடலாம். தட்டிப் பார்த்து, கழன்ற ரைல்ஸை மட்டும் முதலில் ஒட்டுங்கள். இரண்டு மீற்றர் நீளத்தில் 3 மில்லிமீற்றருக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக் கூடாது. உங்களுக்கு முக்கியம் அந்தக் கதவு. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அந்தப் பக்கத்தில்தான் மழையை அடிக்கும். காற்று வருகிற இடுக்கால் தண்ணீரும் வரும். வாசற்படியை உயர்த்தி, கதவின் கீழ் றப்பர் பட்டி பூட்டிவிட்டு, ஒரு மழையில் சோதியுங்கள். நனைந்தால் லமினேட் வேண்டாம், தண்ணீருக்கு உப்பாத எஸ்பிசி பலகையை (கல்தூளும் பிளாஸ்ரிக்கும் சேர்த்துச் செய்தது) பாருங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவுவோம். லமினேட்டைக் கழுவலாமா?

கூடாது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கலாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: தம்பி, மகள் லண்டனில் பழைய வீடு வாங்கியிருக்கிறாள். ஹோல் பலகைத்தரை, இடுக்கெல்லாம் குளிர்காற்று வருகிறதாம். லமினேட் போட முதல் அவளும் பொலித்தீன் விரிக்கலாமா?

வேண்டாம் அம்மா, அங்கே கதை வேறு. அந்தத் தரைக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். வெளிச்சுவரின் அடியில் உள்ள ஓட்டைக் கற்கள் வழியாகக் காற்றுப் போய் வந்துதான் பலகையைத் தாங்கும் மரச்சட்டங்கள் உக்காமல் இருக்கின்றன. குளிருக்குப் பயந்து அந்த ஓட்டைகளை அடைக்கவே கூடாது என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

பலகைகளைக் கழற்றி, சட்டங்களின் மேலாக வலையைத் தொய்வாக விரித்து, இடைவெளிகளில் கனிமப் பஞ்சை முழு ஆழத்துக்கும் இடுக்கில்லாமல் நிரப்ப வேண்டும். அதன் மேல், வீட்டுக்குள் இருக்கிற பக்கமாக, இதற்கென்றே விற்கிற காற்றுத்தடுப்புத் தாளை விரித்துச் சுவரோரம் வரை ஒட்ட வேண்டும். பஞ்சு குளிரைத் தடுக்கும், ஆனால் வீசுகிற காற்று அதற்குள்ளால் வந்துவிடும். அந்தக் காற்றை நிறுத்துவது இந்தத் தாள்தான். சுவரின் அடியோரம் அடிக்கிற ஸ்கேர்ட்டிங் பலகைக்குக் கீழுள்ள இடுக்கையும் சீலன்ற் வைத்து மூட வேண்டும், காற்று அதிகம் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

பொலித்தீனைப் பஞ்சுக்குக் கீழே வைத்தால் நிலைமை மோசமாகும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சமையலாலும் மூச்சாலும் உண்டாகும் ஈரம் கீழே இறங்கி, குளிர்ந்த பொலித்தீனில் நீராகி மரத்தை நனைக்கும். நம்முடைய வீட்டில் ஈரம் மண்ணிலிருந்து மேலே வருகிறது, அவளுடைய வீட்டில் உள்ளிருந்து கீழே போகிறது.

தரைக்குக் கீழே தண்ணீர்க் குழாய் ஓடினால் அதற்கும் உறை போடச் சொல்லுங்கள். வெப்பத்தைத் தடுத்த பிறகு அந்த இடம் முன்பைவிடக் குளிரும். தரையை முழுதாகப் பிரிப்பதென்றால் முதலில் அவளுடைய ஊர்க் கவுன்சிலின் கட்டடப் பிரிவிடம் கேட்கட்டும். அங்கே இதற்கு விதி இருக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து, மறுபடியும்: சுவரோரம் எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

8 முதல் 10 மில்லிமீற்றர், கதவு நிலை, தூண் எல்லாவற்றையும் சுற்றி. போட முதல் லமினேட் பெட்டிகளைப் பிரிக்காமல் 48 மணிநேரம் ஹோலிலேயே வையுங்கள். அந்த நேரம் ஏசியை வழக்கமாகப் போடுகிற மாதிரியே போடுங்கள்.