ரவுட்டர் மட்டும் போதுமா?

கேள்வி: வீட்டு ரவுட்டரிலேயே ஃபயர்வால் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் அரண்) இருக்கிறது என்கிறார்கள். ஹேக்கர்களிடமிருந்து காத்துக்கொள்ள அது ஒன்றே போதுமா?

பதில்: வெளியிலிருந்து தானாக வந்து கதவைத் தட்டும் தாக்குதல்களுக்குப் பெரும்பாலும் போதும். கணினிக்கும் கைபேசிக்கும் ரவுட்டர் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளைக் கொடுப்பதே வழக்கம் என்பதால், நீங்கள் கேட்காமல் இணையத்திலிருந்து வரும் இணைப்பு எந்தக் கருவிக்குரியது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடும். ஆனால் மின்னஞ்சலில் வந்த போலிச் சுட்டியை நீங்களே சொடுக்கினால், அது நீங்கள் கேட்டு வாங்கியதாகவே ரவுட்டருக்குத் தோன்றும். மறுபேச்சின்றி உள்ளே விட்டுவிடும்.

காவலாளியே எதிரியின் கைக்குப் போவதும் உண்டு. 2016-இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே அமைத்துத் தந்த 60-க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே ஏராளமான ரவுட்டர்களையும் கண்காணிப்பு கேமராக்களையும் பிடித்துக்கொண்டது. பூட்டை உடைக்கவில்லை, மிதியடிக்கு அடியில் இருந்த சாவியை எடுத்துத் திறந்தது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலையாக ரவுட்டரின் அமைப்புகளை மாற்ற உதவும் நிர்வாகப் பக்கத்துக்கான கடவுச்சொல்லை மாற்றுங்கள். (வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு, பலர் குழம்புவது இங்கேதான்.) தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதி, டபிள்யூபிஎஸ் (கடவுச்சொல்லைத் தட்டாமலே பொத்தான் அல்லது பின் எண் மூலம் வைஃபையில் இணையும் வசதி), தேவையில்லையெனில் யூபிஎன்பி (உள்ளிருக்கும் கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி) ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். ஃபர்ம்வேர் (ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருள்) புதுப்பிப்பு நின்றுபோன ரவுட்டர் எவ்வளவு நன்றாக ஓடினாலும், அதை மாற்றிவிடுவதே என் யோசனை.